கேசட்டுக்குள் சீட்டுக்கட்டு: வாசகர் கேள்வி – பதில்

பழைய கையடக்க வீடியோ கேம்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீட்டு விளையாட்டு கேம்களைப் பற்றியே இருந்தன. கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா ஒவ்வொரு லீவுக்கும் கொண்டுவந்த வீடியோ கேம்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. போக்கர், சாலிட்டேர், இரண்டு மூன்று யூ-கி-ஓ கேசட், ஒரு போக்கிமான். காயலான் கடைக்காரர் மொத்தத்துக்கும் 500 ரூபாய் என்கிறார். கொடுத்துவிடலாமா?
*– வாசகர், கும்பகோணம்*

கொடுக்காதீர்கள். அதற்காக லட்சக்கணக்கில் கனவும் வேண்டாம். முதலில் பெட்டியைக் காலி செய்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

ஒரே ஓர் ஆட்டம் மட்டும் உள்ள எல்.சி.டி. கருவிகள் முதல் குவியல். ராடிகா, டைகர் போன்ற கம்பெனிகள் தொண்ணூறுகளிலும் 2000-களின் தொடக்கத்திலும் போக்கர், பிளாக்ஜாக், சாலிட்டேர் என்று இவற்றை எக்கச்சக்கமாகத் தயாரித்துத் தள்ளின. அதனாலேயே உதிரியாக இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. கொக்கியில் மாட்டும் அட்டையோடு, பிரிக்காமல் இருப்பதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

இரண்டாவது குவியல், கருவியில் செருகி ஆடும் கேசட்டுகள். போக்கிமான் ட்ரேடிங் கார்டு கேம் என்று லேபிளில் இருந்தால், அது நிண்டெண்டோ கம்பெனியின் கேம்பாய் கலர் என்ற கையடக்கக் கருவிக்கு ஜப்பானில் 1998-லும் அமெரிக்காவில் 2000-லும் வந்த கேசட். யூ-கி-ஓ என்ற சீட்டு ஆட்டம் என்றால் பல பாகங்கள் உண்டு. டார்க் டூயல் ஸ்டோரீஸ் கேம்பாய் கலருக்கு. தி எடர்னல் டூயலிஸ்ட் சோல், தி சேக்ரட் கார்ட்ஸ் போன்றவை அதற்கு அடுத்து வந்த கேம்பாய் அட்வான்ஸுக்கு. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள குறியீட்டைப் படித்துப் பட்டியல் போடுங்கள். ஏ.ஜி.பி. என்று தொடங்கினால் அட்வான்ஸ், என்.டி.ஆர். என்றால் நிண்டெண்டோ டி.எஸ்., டி.எம்.ஜி. அல்லது சி.ஜி.பி. என்றால் பழைய கேம்பாய், கேம்பாய் கலர். குறியீட்டின் கடைசி மூன்று எழுத்து எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்லும்.

மூன்றாவது குவியலைத்தான் எல்லாரும் குப்பையில் போடுவார்கள்: அட்டைப் பெட்டி, விளக்கப் புத்தகம், உள்ளே இருந்த விளம்பரத் தாள், முக்கியமாக நிஜச் சீட்டுகள். சீட்டு விளையாட்டு கேசட்டுகளில் பலவற்றுக்குக் கம்பெனிக்காரர்களே பெட்டிக்குள் இரண்டு மூன்று அசல் அட்டைகளை வைத்து விற்றார்கள். கேசட்டை விட அந்த ஒற்றை அட்டைக்கு அதிக விலை போகும் சந்தர்ப்பமும் உண்டு. டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த நியூஸ்பேப்பரைக்கூட உதறிப் பார்த்துவிட்டு எறியுங்கள்.

ஒரே கேசட்டுக்கு இணையத்தில் ஒருவர் 900 ரூபாய் போடுகிறார், இன்னொருவர் 15,000 போடுகிறார். எதை நம்புவது?
*– வாசகர், தஞ்சாவூர்*

இரண்டையும் நம்ப வேண்டாம். அவை கேட்கிற விலை. உங்களுக்கு வேண்டியது விற்ற விலை. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு, உங்கள் கேசட்டின் அதே நாட்டுப் பதிப்பைத் தேடுங்கள். அண்மையில் விற்ற ஏழெட்டு விலையை எழுதி, உச்சத்தில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் அடித்துவிட்டு, மிச்சத்தின் நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச விலைக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு காரணம் இருக்கும்: பிரிக்காத பெட்டி, அல்லது தரச் சான்று பெற்றது.

இந்த வேலையை மூன்று நிலைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்: வெறும் கேசட், பெட்டி-புத்தகம்-அட்டையோடு முழு செட், பிரிக்காதது. மூன்றுக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையைச் சொல்லும். கற்பனையாக ஒரு கணக்கு: வெறும் கேசட் 1,500, முழு செட் 6,000 என்று விற்றிருக்கிறது. அப்படியானால் காகிதங்களின் மதிப்பு 4,500. உங்களிடம் பெட்டியும் புத்தகமும் இருந்து, உள்ளே வந்த மூன்று அட்டைகள் மட்டும் இல்லை. அந்த மூன்று அட்டைகள் தனியாக 2,000-க்கு விற்கின்றன என்றால், உங்களுடையது 4,000 பெறும். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தால் பெட்டியின் பங்கில் கழியுங்கள், மொத்தத்தில் அல்ல. "பெட்டி கொஞ்சம் டேமேஜ், பாதி விலை" என்று பேரம் பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

பிறகு நம் ஊர்க் கழிவு. வெளிநாட்டில் விற்ற விலை அங்கே வாங்குபவர் கொடுத்தது. இங்கே வாங்குபவர் அதை வரவழைத்திருந்தால் தபால் செலவும் சுங்க வரியும் கொடுத்திருப்பார். அந்த வகையில் உள்ளூர்ச் சரக்குக்குச் சற்றுக் கூடுதல் கேட்க நியாயம் உண்டு. ஆனால் டெல்டாவில் வாங்குகிற ஆட்கள் குறைவு. அவசரத்துக்கு விற்பவருக்கு அந்தக் கூடுதல் கிடைக்காது.

சோதிக்காத கேசட்டுக்கு ஒருபோதும் முழு விலை கொடுக்காதீர்கள். "வொர்க் ஆகும் சார், கேம்பாய்தான் இல்லை" என்கிற வசனத்துக்கு வெறும் கேசட் விலையில் பாதிதான் மரியாதை.

ஆன்லைனில் வாங்கிய யூ-கி-ஓ கேசட் போலியோ என்று சந்தேகம். ஆடும்போது நன்றாகத்தான் ஓடுகிறது.
*– வாசகி, மயிலாடுதுறை*

ஓடுவது சாட்சியே இல்லை. போலியும் ஓடும். அதன் குட்டு பெரும்பாலும் சேமித்ததைத் திறக்கும்போது உடையும்: இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சேர்த்த சீட்டுகள் காணாமல் போயிருக்கும்.

திறக்காமலே பார்க்கக்கூடியவை மூன்று. கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டின் அடிப்பக்க வாயில் எட்டிப் பாருங்கள். தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே பச்சைப் பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் பொடியாக அச்சாகியிருக்க வேண்டும். அடுத்து லேபிள். அசலில் அச்சுக்கு மேல், மை இல்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் இருக்கும். சிலவற்றில் கூடவே ஓர் எழுத்தும் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்தப் பள்ளம் கண்ணில் படும். மூன்றாவது, பின்பக்க ஸ்குரு. அட்வான்ஸ் கேசட்டில் மூன்று இதழ் வடிவப் பள்ளம் உள்ள ஸ்குரு; பழைய கேம்பாய், கேம்பாய் கலர் கேசட்டில் 3.8 மி.மீ. கேம்பிட் என்கிற தனி வகைத் தலை. சாதாரண நட்சத்திர ஸ்குரு இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், அல்லது அது போலி.

திறந்து பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அசலில் கால் கால்களாக நீட்டிய, எண் அச்சிட்ட சிப்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். போலியில் பெரும்பாலும் தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புக் குமிழ். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று லேபிள் போட்டு வருபவற்றைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை ஆடட்டும், சேகரிப்பில் சேர்க்காதீர்கள்.

பெட்டியும் புத்தகமும்கூடப் போலியாக வருகின்றன. அட்டையின் மடிப்பு ஓரத்தில் வெள்ளை பிளவுபடாமல் புத்தம் புதிதாக, எழுத்தின் விளிம்பு லேசாக மங்கலாக இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இருபது வருடத்துப் பெட்டி இவ்வளவு வெளுப்பாக இருக்காது.

போக்கிமான் சீட்டு கேசட்டில் சேர்த்து வைத்ததெல்லாம் மறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. கேசட் செத்துவிட்டதா? கடையில் கொடுத்தால் சரிசெய்வார்களா?
*– வாசகர், மன்னார்குடி*

கேசட் சாகவில்லை, உள்ளே இருக்கும் பட்டன் செல் செத்துவிட்டது. சேமித்ததை வைத்திருக்கும் நினைவகச் சிப்புக்கு இடைவிடாமல் மின்சாரம் வேண்டும். கருவி ஓடும்போது அந்த மின்சாரம் கருவியிலிருந்து வருகிறது. அணைத்ததும் 3 வோல்ட் லித்தியம் செல் பொறுப்பேற்கிறது. ஆடி ஆடித் தீர்வதில்லை; அலமாரியில் சும்மா கிடக்கும்போதுதான் தீர்கிறது. 2000-ஆம் ஆண்டுக் கேசட்டில் செல் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

மற்ற ஆட்டங்களில் செல் போனால் விட்ட இடம் போகும், அவ்வளவுதான். சீட்டு ஆட்டத்தில் ஆல்பமே போகும். போக்கிமான் கேசட்டில் சேர்க்க வேண்டிய சீட்டுகள் 226. அதற்கு மேல் வீனசார், மியூ என்ற இரண்டு மறைமுகச் சீட்டுகள் உண்டு. இரண்டு கேம்பாய் கலர்களை நேருக்கு நேர் வைத்து, அகச்சிவப்புக் கண் வழியாகச் செய்யும் கார்டு பாப் என்ற முறையில் மட்டுமே அவை வரும். அட்வான்ஸ் கருவியில் அந்தக் கண்ணே இல்லை என்பதால் அதில் போட்டுப் பார்த்துவிட்டு "கார்டு பாப் கெட்டுப்போச்சு" என்று சொல்ல வேண்டாம். இந்த இரண்டும் உள்ள பழைய சேமிப்பு கிடைத்தால் அது அரிது.

ஆகவே, சேமிப்பு இன்னும் உயிரோடு இருக்கும் கேசட் கைக்கு வந்தால் முதலில் அதை நகல் எடுங்கள். ஜி.பி.எக்ஸ்கார்ட், ஜி.பி. ஆபரேட்டர் போன்ற கேசட் ரீடர்களை யு.எஸ்.பி. வழியாகக் கணினியில் மாட்டினால் சேமிப்பைக் கோப்பாக எடுத்துக்கொண்டு, செல் மாற்றிய பிறகு திரும்ப ஏற்றலாம். செல்லைக் கழற்றியதும் சேமிப்பு போய்விடும். "சீக்கிரமா மாத்திடுறேன்" என்கிற வேகமெல்லாம் உதவாது.

இனி மாற்றும் வேலை. 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளியால் ஸ்குருவைக் கழற்றி, மேல் மூடியைச் சற்றே கீழ்நோக்கி நகர்த்தித் தூக்குங்கள். செல்லின் முகத்தில் எண் இருக்கும். சி.ஆர்.1616 என்றால் 16 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. கனம். சி.ஆர்.2025 என்றால் 20 மி.மீ., 2.5 மி.மீ. எந்த எண் இருக்கிறதோ அதே எண்தான் போட வேண்டும். பெரிய செல்லில் அதிக நாள் வருமே என்று 1616 இருந்த இடத்தில் 2032-ஐத் திணிப்பவர்கள் உண்டு. கொள்ளளவு சுமார் நான்கு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் மூடி மூடாது, மூடினாலும் வயிறு உப்பிக் கருவிக்குள் இறுக்கும்.

வாட்ச் கடையில் கிடைக்கும் வெறும் செல் இதற்கு ஆகாது. இரு பக்கமும் தகட்டுக் கால் ஒட்டிய செல்தான் வேண்டும். ஆன்லைனில் அப்படியே கிடைக்கும். வெறும் செல்லின் மேல் நேராகப் பற்றவைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறிச் செல் உப்பும், வெடிக்கவும் செய்யும். டேப் சுற்றி ஒட்டுவது இன்னொரு கடைத்தெரு வைத்தியம். இரண்டு முறை கீழே போட்டால் தொடர்பு விட்டு, சேமிப்பு மறுபடி போகும்.

பலகையில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் அயர்னை 350 டிகிரியில் வைத்து, பழைய காலின் மேல் துளி புதிய ஈயம் விட்டால் பழைய ஈயமும் சேர்ந்து இளகும். காலை மெதுவாகத் தூக்குங்கள். இழுத்துப் பிய்த்தால் பலகையின் செப்புத் தகடும் சேர்ந்து வரும். மன்னார்குடியிலானாலும் சென்னையிலானாலும் ரிப்பேர் கடைகளில் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மொபைல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கலாம், கை நேர்த்தியானவர். ஆனால் ஹாட் ஏர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பழைய இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிய செல்லின் கால்களை இரண்டிரண்டு நொடியில் பற்றவையுங்கள். மூடுவதற்கு முன் மீட்டரில் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 2.8-க்குக் கீழ் காட்டினால் புதுச் செல்லே பழைய ஸ்டாக்.

முதல் முறை போட்டதும் சேமிப்பு பழுது என்றோ, ஒன்றுமில்லை என்றோ வரும். அது இயல்பு. புதிதாக ஆரம்பித்துச் சேமித்து, அணைத்து, மறுநாள் பாருங்கள். அப்போதும் போனால் கூட்டல்-கழித்தல் மாறியிருக்கும், அல்லது ஈயம் பிடிக்காமல் மேலாக ஒட்டியிருக்கும்.

பெட்டி பிரிக்காத யூ-கி-ஓ கேசட் ஒன்று இருக்கிறது. உள்ளே அட்டைகள் இருக்கும் என்கிறார்கள். பிரித்து அட்டையை மட்டும் விற்றால் லாபமா?
*– வாசகர், நாகப்பட்டினம்*

எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. தி எடர்னல் டூயலிஸ்ட் சோல் அமெரிக்கப் பதிப்பில் வரும் மூன்று அட்டைகள் எக்ஸ்சேஞ்ச், கிரேஸ்ஃபுல் டைஸ், ஸ்கல் டைஸ். குறியீடு இ.டி.எஸ்.-001 முதல் 003 வரை. பெட்டி பிரிக்காமல் விற்பதே மேல். டார்க் டூயல் ஸ்டோரீஸ் வேறு கதை. டி.டி.எஸ். குறியீட்டு வரிசையில் 001 புளூ-ஐஸ் ஒயிட் டிராகன். அட்டை சேகரிப்பவர்கள் கேசட்டைத் திரும்பியும் பார்க்காமல் அதற்காக மட்டும் பெட்டி வாங்குவார்கள். ஆனால் எல்லாப் பெட்டியிலும் அதே அட்டை வராது. பிரிப்பது லாட்டரி, பிரித்ததும் பெட்டியின் மதிப்பு நிச்சயம் இறங்கும், அட்டை நல்லதாக இருக்கும் என்பது நிச்சயமில்லை. பிரிக்காமல் விற்றால் அந்த லாட்டரி ஆசைக்கும் சேர்த்தே வாங்குபவர் பணம் தருவார். எங்கள் வாக்கு பிரிக்காததற்கே.

ஒரு எச்சரிக்கை. பளபள உறை இருப்பதால் பிரிக்காதது என்று ஆகாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் செட்டுக்குச் சுடச்சுட உறை போட்டுத் தருகிறார்களே, அதே மிஷினில் எந்தப் பெட்டிக்கும் உறை போடலாம். உறைக்குள்ளே பெட்டியின் மூலை வெளுத்திருக்கிறதா, விலைச் சீட்டின் பசை உறைக்கு மேலா கீழா என்று பாருங்கள். உறைக்குக் கீழே பசை என்றால் கதை முடிந்தது.

ஏற்கெனவே பிரித்திருந்தால் அட்டைகளைச் சரியான உறையில் போடுங்கள். யூ-கி-ஓ அட்டை 59-க்கு 86 மி.மீ.; போக்கிமான் 63-க்கு 88. பெரிய உறையில் சின்ன அட்டை ஆடி ஆடி ஓரம் தேயும். யூ-கி-ஓ அட்டையின் இடது கீழ் மூலையில் எட்டு இலக்க எண் இருக்கும். அதை ஆட்டத்துக்குள் தட்டினால் அந்தச் சீட்டு கிடைக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகள் அட்டையைக் கையில் வைத்தே தேய்த்திருப்பார்கள். பழைய வீட்டு அட்டைகளில் பெருவிரல் படுகிற அந்த மூலையை முதலில் பாருங்கள். வலது கீழ் மூலையில் மின்னும் சின்னச் சதுரம் இல்லையென்றால் அட்டை போலி. போக்கிமான் கேசட்டின் அமெரிக்கப் பெட்டியில் வந்தது மியாவ்த் அட்டை, புரோமோ எண் 10.

ராடிகா போக்கர் கருவியில் சீட்டு தெரிகிறது, ஆனால் இஸ்பேட்டா கிளாவரா என்று தெரியவில்லை. சில கோடுகள் வருவதில்லை.
*– வாசகி, திருவாரூர்*

பேட்டரியைக் கழற்றிப் போட்டு, பின்னால் ரீசெட் துளை இருந்தால் ஊசியால் அழுத்துங்கள். இந்த வகைக் கருவிகளில் பலவும் விழித்தெழும்போது திரையில் உள்ள எல்லா உருவங்களையும் ஒரு கணம் ஒன்றாகக் காட்டும். அந்தக் கணத்தை செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால் எது வரவில்லை என்பது பளிச்சென்று தெரியும். வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள்.

ஒரே வரிசையில் உள்ளவை மட்டும் வராவிட்டால் திரைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள ஜீப்ரா ரப்பர் காரணம்: கறுப்பும் வெளுப்புமாக மெல்லிய வரி போட்ட ரப்பர் பட்டை. கருவியைத் திறந்து, பலகையின் ஸ்குருக்களைக் கழற்றி, பட்டையை வழுவழுப்பான இடுக்கியால் எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில் பட்டையின் இரு விளிம்பையும், பலகையில் அது உட்காரும் தங்கப் பட்டைகளையும், கண்ணாடியின் ஓரத்தையும் துடைத்து, காய்ந்த பின் அதே பக்கம் அதே திசையில் வைத்து மூடுங்கள். ஸ்குருக்களைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு முனையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் இன்னொரு முனையில் கோடு போகும். ரப்பருக்குப் பதிலாகப் பழுப்பு நிற ஃபிலிம் நாடா ஒட்டியிருந்தால் அதை உரிக்கவே கூடாது. திரும்ப ஒட்டுவது கடினம்.

திரையே மங்கிப் பழுப்பாகிவிட்டால் மேலே ஒட்டிய போலரைசர் ஃபிலிம் போய்விட்டது. புதிது ஒட்டலாம், ஆனால் திசை மாறினால் வெள்ளை கறுப்பாகத் தெரியும். மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவியிருந்தால் கண்ணாடி விரிசல் விட்டுத் திரவம் வெளியேறியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

பேட்டரி அறையில் வெள்ளைப் பூப்போல் படிந்திருந்தால் அல்கலைன் கசிவு. வினிகர் தொட்ட காதுப் பஞ்சால் ஒற்றுங்கள், நுரை நின்றதும் ஆல்கஹாலில் துடைத்து உலர்த்துங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய் ஸ்பிரிங் அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும்.

போக்கர், பிளாக்ஜாக் கருவிகளை வீட்டில் வைத்திருப்பது சூதாட்டச் சட்டத்தில் வருமா?
*– வாசகர், காரைக்கால்*

வராது. சட்டங்களின் கவலை பணம் வைத்து ஆடுவது. பக்கத்தில் தமிழ்நாட்டில் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் இணையச் சூதாட்டத்தைப் பற்றியது. உங்கள் கருவியில் கிடைப்பது வெறும் புள்ளி.

அடுத்து எதைத் தேடி வாங்கலாம்?
*– வாசகர், பட்டுக்கோட்டை*

யூ-கி-ஓ, போக்கிமான் இரண்டிலேயே நின்றுவிடாதீர்கள். எஸ்.என்.கே. கம்பெனியின் கையடக்கக் கருவியான நியோ ஜியோ பாக்கெட் கலருக்கு 1999-ல் வந்த எஸ்.என்.கே. வெர்சஸ் கேப்காம்: கார்டு ஃபைட்டர்ஸ் கிளாஷ் இந்த வகையில் மிக நேர்த்தியான ஆட்டங்களில் ஒன்று. எஸ்.என்.கே. பதிப்பு, கேப்காம் பதிப்பு என்று இரண்டு கேசட். ஜோடியாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதன் டி.எஸ். பதிப்பு வட அமெரிக்காவில் முதலில் அச்சான சரக்கில் ஒரு கோளாறோடு வந்தது: ஒருமுறை முடித்து இரண்டாவது சுற்று ஆடினால் ஓரிடத்தில் உறைந்துவிடும். கம்பெனியே மாற்றிக் கொடுத்தது. விற்பவரிடம் எந்தச் சரக்கு என்று கேளுங்கள்.

ஜப்பானில் மட்டும் 2001-ல் வந்த போக்கிமான் கார்டு ஜி.பி.2 நம்மூர்க் கருவியிலும் ஓடும். கேம்பாய்க் கேசட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. எழுத்து ஜப்பானிய மொழியில் இருக்கும், அவ்வளவே. செகா கேம் கியருக்கு 1994-ல் போக்கர் ஃபேஸ் பால் என்ற பெயரில் பிளாக்ஜாக், ஜின், சாலிட்டேர் என்று ஒரு வரிசை வந்தது. கையில் கேம் கியர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தக் கருவியில் கெப்பாசிட்டர்கள் கசிவது வாடிக்கை, அதைச் சரிசெய்யும் செலவு கேசட் விலையைத் தாண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வீடே ஈரமாக இருக்கிறது. பெட்டிகளில் பூசணம். எப்படி வைப்பது?
*– வாசகி, வேதாரண்யம்*

கடலோரத்தில் மழையை விட உப்புக் காற்று மோசம். மரப் பீரோவும் பரணும் வேண்டாம், கரையானுக்கு அட்டைப் பெட்டி விருந்து. ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டீல் பீரோவில், சுவரைத் தொடாமல் வையுங்கள். உள்ளே சிலிகா ஜெல், கூடவே நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்று. 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் போதும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் நீலம் ரோஸாகும்போது எடுத்து, 120 டிகிரி ஓவனில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். டப்பாவை மழை நாளில் திறந்து அடுக்காதீர்கள். நல்ல வெயில் நாளின் மதியம் அடுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுவீர்கள்.

அரிசி போட்டு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். வேண்டவே வேண்டாம்: ஈரம் பெரிதாக உறிஞ்சாது, வண்டு வரும், தவிட்டுத் தூசி கேசட் வாயில் ஏறும். அந்துருண்டையும் கூடாது, அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். அட்டைகளுக்குப் பி.வி.சி. உறை வேண்டாம், பாலிபுரொப்பிலீன் கேளுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் நாளடைவில் உருகி அட்டை ஓரத்தில் ஒட்டும். எல்.சி.டி. கருவிகளில் பேட்டரியை எடுத்துவிட்டே வையுங்கள்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலில் நனைந்த கேசட்டுகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதுவரை போட்டுப் பார்க்காவிட்டால் இனியும் போட்டுப் பார்க்காதீர்கள். திறந்து, செல்லைக் கழற்றி, பலகையை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பழைய மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். உப்பும் சேறும் தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹாலில் அல்ல. அதன் பிறகு ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். சிப் கால்களில் பச்சை பிடித்திருந்தால் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் மறுபடி. புதிய செல் போடுவதற்கு முன் மீட்டரைத் தொடர்புச் சோதனையில் வைத்து, செல்லின் இரண்டு இடங்களுக்கும் நடுவே சத்தம் வருகிறதா பாருங்கள். சத்தம் வந்தால் எங்கோ இன்னும் ஷார்ட் இருக்கிறது, செல் போடாதீர்கள்.